ஏகாதசி இருந்த முயல்

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டில் பேத்தி மீனு வளர்த்த முயலுக்குக் குட்டப்பன் என்று பெயர். ஓர் ஏகாதசி அன்று காலையில் கேரட்டை நீட்டினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் விடுவேனா?

"பார்த்தியாடி, ஒன் முயல் ஏகாதசி இருக்கான். நீதான் மூணு தோசை முழுங்கறே," என்றேன். மீனு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

மறுநாள் காலையில் அவன் சுருண்டு கிடந்தான். ஆட்டோ பிடித்துத் தோப்பும்படியில் இருந்த மிருக டாக்டரிடம் ஓடினோம். அந்த அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்ப முதலா தின்னலை?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான்," என்றேன் நான், கூசாமல்.

"இல்லை டாக்டர், நேத்து காலம்பறலேந்து," என்றாள் மீனு. "விரதம்னு பாட்டி வேடிக்கை சொன்னா. நானும் சிரிச்சேன்."

முயல் அரை நாள் தின்னாவிட்டாலே ஆபத்தாம், குடல் நின்றுவிடுமாம். ஊசி போட்டும் பயனில்லை. குட்டப்பன் மீனுவின் மடியிலேயே போய்விட்டான்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்: "எம்மேல கோபமாடி?"

"கோபந்தான். அவன் போனதுக்கு இல்லை பாட்டி, அது நம்ம ரெண்டு பேர் தப்பு. டாக்டர்கிட்ட பொய் சொன்னேளே, அதுக்கு."

அவளுக்குப் பதினோரு வயது. எழுபது வருஷமாக எல்லாத் தப்பையும் சிரித்து மழுப்பியே தப்பித்தவள் நான். அன்று அது பலிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தப் பெண் என் குணத்தைக் கொண்டு பிறக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.