முழங்கால் தண்ணீர்

அன்று கரையில் நின்றவர்கள்: தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்ற டேனிஷ்காரர். தூண்டில்களும் காரும் அவருடையவை. என்னோடு ஒரே அறையில் இருந்த சங்கக்கடைக்காரன். சாவகச்சேரிப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுத்தவன். பிறகு நான். மன்னாரில் பதினைந்து வருடம் கடலுக்குப் போனவன்.

இடம் டென்மார்க்கில் கோல்டிங் குடாக்கடல். புரட்டாதி மாதம். டேனிஷ்காரர்கள் ஹாவொறட் என்று சொல்லும் மீன், முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற காலம். சால்மனுக்குச் சொந்தக்கார மீன். ருசியும் அப்படித்தான்.

நானும் சங்கக்கடைக்காரனும் ஊரில் இருந்த மனைவிமாரை இங்கே கூப்பிட ஒரே நாளில் மனுப் போட்டவர்கள். ஒரே பேனையால் கையெழுத்து வைத்தோம். இரண்டு வருடம் பதில் இல்லை. தமிழரின் மனுக்களை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்னாளில் தமிழர் வழக்கு என்று பேப்பரெல்லாம் எழுதி, அரசாங்கமே விழுந்தது. அப்போது எங்களுக்கு அதொன்றும் தெரியாது. தபால்பெட்டியைத் திறப்போம், மூடுவோம்.

அந்த வருடம் அனுமதிக் கடிதங்கள் வரத் தொடங்கின. அவனுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

"நல்லது" என்றேன். அன்று சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

அவன் மனைவி சனிக்கிழமை வருகிறாள். வியாழக்கிழமை என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணை, அவளுக்கு முதல் நாள் நல்ல மீன்குழம்பு வைக்கோணும். கடையில விக்கிற ஐஸ்மீன் வேண்டாம். நீங்கள் ஒண்டு பிடிச்சுத் தாருங்கோ."

"நீயும் வா. நீயே பிடி" என்றேன்.

அவனுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் சொன்னேன். என் கையால் பிடித்த மீன் அவன் வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது. என் மனம் அப்படி இருந்தது.

வேலை முடிந்து மூன்று பேரும் போனோம். டேனிஷ்காரர் ஆளுக்கொரு தூண்டில் தந்தார். நெஞ்சு வரை வரும் றப்பர் காற்சட்டையும் தந்தார். தான் ஒரு கல்லில் உட்கார்ந்து கோப்பி ஊற்றினார். நான் கடலைப் பார்த்தேன். இடப்பக்கம் தண்ணீர் கறுத்து ஆழமாகக் கிடந்தது. வலப்பக்கம் கல்லும் பாசியும், முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் ஊரில் அந்த அளவுத் தண்ணீரில் நண்டுதான் கிடக்கும்.

"நீ அந்தப் பக்கம் நில்" என்று வலப்பக்கத்தைக் காட்டினேன். "எறியத் தெரியாதவைக்கு அதுதான் இடம்."

"ஓம் அண்ணை" என்று போனான்.

நான் இடுப்பளவு இறங்கி எறிந்தேன். நூலில் கட்டிய தகரப் பொய்மீன் தூரப் போய் விழுந்தது. டேனிஷ்காரர் சீட்டி அடித்தார். சங்கக்கடைக்காரன் எறிந்தது அவன் காலடிக்குக் கொஞ்சம் அப்பால் பொத்தென்று விழுந்தது.

"என்ன, அரிசி நிறுக்கிறியோ?" என்று கத்தினேன்.

"நிறுத்தால் ஒரு அவுன்ஸ் குறைய விடமாட்டன் அண்ணை. இதுதான் குறையுது!"

ஒரு மணித்தியாலம் எறிந்தேன். ஒன்றும் தொடவில்லை. பிறகு அவன் சத்தம் கேட்டது.

"அண்ணை! இழுக்குது! ஓடி வாங்கோ, எனக்கு ஏலாது!"

தடி வில்லாக வளைந்து நின்றது. நான் போகவில்லை. நூல் அறும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். டேனிஷ்காரர் கோப்பியைக் கொட்டிவிட்டு ஓடினார். "விடு, ஓடட்டும். இப்போ சுற்று" என்று பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி, சிறு வலையால் அள்ளிக் கரையில் போட்டார். வெள்ளி நிறம். என் முழுக் கை நீளம்.

பிறகுதான் நான் போனேன். டேனிஷ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆற்றுக்குப் போகிற மீன் கரையை உரசிக்கொண்டு போகும். நீ அதைத் தாண்டி எறிந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது."

பதினைந்து வருடம் கடலில் நின்றவனுக்கு அதைக் கேட்க வேண்டியிருந்தது. அதைவிடச் சுட்டது அடுத்தது. சங்கக்கடைக்காரன் ஈரக் கையால் என் கையைப் பிடித்தான்.

"அண்ணை காட்டின இடமெல்லோ! உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மீன் வாற இடத்தை எனக்கு விட்டிட்டு நீங்கள் சும்மா நிண்டிருக்கிறியள்."

"ஓம்" என்றேன்.

அறைக்கு வந்ததும் அவனுக்கு மீன் வெட்டத் தெரியவில்லை. நான் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டேன். தலையைப் பிளந்து வைத்தேன்.

"சனிக்கிழமை நீங்கள் சாப்பிட வரோணும்."

"ஓவர்டைம் இருக்குது."

ஓவர்டைம் இருக்கவில்லை. அந்த அறை இனி அவர்கள் இருவருக்கும். வெள்ளிக்கிழமை என் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை அங்கே பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

அவன் வாய் சும்மா இருக்கவில்லை. மன்னார் அண்ணைக்கு மீன் வாற வழி தெரியும் என்று தமிழ் ஆட்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அதன்பிறகு யாருக்குக் கடிதம் வந்தாலும், மனைவி வருகிற கிழமை என் கதவைத் தட்டினார்கள்.

"அண்ணை, எங்களுக்கும் ஒண்டு."

போனேன். தண்ணீருக்குள் இறங்காமல், கிட்ட எறிந்தேன். மீன் வந்தது. வெட்டியும் கொடுத்தேன். கத்தியைக் கழுவும்போது ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது. இல்லை என்று யாருக்கும் சொல்லவில்லை. யார் வீட்டிலும் சாப்பிடவும் இல்லை.

என் கடிதம் வரும்வரை மற்றவர்களின் மனைவிமாருக்காக நான் வெட்டிய மீன்கள் பதினொன்று.