ஓப்பரேட்டர் அக்கா

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் சாரதாதேவி தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஓப்பரேட்டராகச் சேர்ந்து, அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பாதி டாக்டர்களின் முகம்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் யார் "ஹலோ" என்றாலும் அது எந்த வார்டு, ஆள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதுவரை சொல்லிவிடுவார். வெளியிலிருந்து அழைப்பவர்கள் மூச்சு வாங்கும் விதத்திலேயே அவர்களை எங்கே இணைக்க வேண்டும் என்று விரல் முடிவு செய்துவிடும்.

கணவர் தம்பிமுத்து காலமானபின் வீட்டில் பேச ஆளில்லை. மகள் சுபாஷினி திருமணமாகி ஜொகூர் பாருவுக்குப் போனபோது தன் பழைய கணினியை விட்டுப் போனாள். ஒரு தீபாவளிக்கு வந்தவள், அம்மாவைப் பயமுறுத்திப் பார்க்கலாம் என்று ஒரு விளையாட்டைத் திறந்து காட்டினாள். சனிக் கிரகத்தின் பக்கத்தில் ஆளில்லாமல் மிதக்கும் ஒரு பெரிய விண்கலம். உள்ளே இருந்தவர்கள் ஏதோ பூஞ்சை பிடித்து வேறு ஜந்துக்களாக மாறியிருந்தார்கள். தலைக்கவச விளக்கு ஒன்றை மட்டும் நம்பி, இருட்டுக்குள் நடந்து, அவற்றைச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். அம்மா எப்போது அலறுவார் என்று சுபாஷினி காத்திருந்தாள். சாரதாதேவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உந்தக் குழாய்க்குப் பின்னால ஏதோ மூச்சு விடுது பிள்ளை. அதை முதல்ல சுடு" என்றார், வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழில்.

மகள் திரும்பிப் போனாள். அம்மா விளையாட்டை விடவில்லை.

இருவர் இருவராகச் சேர்ந்து ஆட வேண்டிய விளையாட்டு அது. அப்படித்தான் 'கெத்தா' கிடைத்தான். ரப்பருக்கான மலாய்ச் சொல் அது. தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டதாகச் சொன்னான். "கெத்தாவும் இருக்கும்ல அக்கா" என்று சிரித்தான். சுங்கை சிப்புட்டில் இருக்கிறான், லோரி ஓட்டுகிறவன், முதுகு வலியால் வீட்டில் இருக்கிறான். இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சாரதாதேவி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஓப்பரேட்டர்'. அவன் அதோடு அக்காவைச் சேர்த்துக்கொண்டான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விண்கலத்துக்குள் இறங்குவார்கள். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பேசியதெல்லாம் இடது, வலது, தோட்டா தீர்ந்தது, கதவைச் சாத்து என்பதுதான். ஆனாலும் அந்த நாளின் முக்கால்வாசிப் பேச்சு அவருக்கு அதுதான். அவனுடைய ஹெட்செட் வயர் லூசாகி, அடிக்கடி கழன்றுவிடும். கழன்றால் ஜந்துக்களின் உறுமல் மடிக்கணினியிலிருந்து நேராக வீடு முழுக்கக் கேட்குமாம். "ஊரே பயந்துரும்க்கா" என்பான்.

அக்டோபர் வந்தால் ஹாலோவீன் என்று விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கலத்தின் நடைபாதைகளில் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே தீ வைத்த பூசணிக்காய்களைத் தொங்கவிடுவார்கள். ஜந்துக்களுக்கும் பூசணித் தலை முளைத்துவிடும். அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே ஒரு தனிப் பயணம் உண்டு. அந்த வருடம் தீபாவளியும் அதே மாதத்தில்தான் வந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், இருவரும் கலத்தின் இயந்திர அறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எடது பக்கம் ரெண்டு பூசணி நிக்கிது. நான் பாத்துக்குறேன். நீங்க அந்தக் கத..." என்றான் கெத்தா. அதோடு நின்றான். பிறகு, "கத... கத..." என்றான். பிறகு ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம்.

லைன் கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தார். கெட்டுப்போன லைன் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இது அப்படி இல்லை. அவன் பக்கம் ஓடும் விசிறியின் சத்தம் துல்லியமாக வந்துகொண்டிருந்தது. குரல்தான் கெட்டிருந்தது.

திரையில் அவனுடைய வெள்ளை உடுப்பு உருவம் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

"தம்பி?"

"ம்ம்... ஆ..."

ஆஸ்பத்திரிக்கு வந்த அழைப்புகளில் இப்படிக் குழறிய வாய்களை அவர் கேட்டிருக்கிறார்.

"தம்பி, நான் பேசுறது வெளங்குதா? வெளங்குனா டார்ச்ச ஒரு தடவ அணைச்சுப் போடு."

அவன் தலைக்கவச விளக்கு அணைந்தது. நடைபாதையில் பூசணிகளின் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. பிறகு விளக்கு மீண்டும் எரிந்தது. விளக்குக்கான பொத்தான் இடது கைப் பக்கம் இருப்பது.

"வலது கைய அசைக்க முடியலையா?"

விளக்கு அணைந்து எரிந்தது.

சாரதாதேவி கைப்பேசியை எடுத்தார். அவசர எண்ணை அழுத்தப் போன கை நின்றது. என்ன சொல்வார்? பெயர் கெத்தா, ஊர் சுங்கை சிப்புட். வேறென்ன தெரியும்? இரண்டு வருடமாகத் தினமும் பேசிய ஆளின் சொந்தப் பெயர் தெரியாது என்பது அந்த நிமிடத்தில்தான் அவர் மண்டையில் இடித்தது.

அப்போது பூசணித் தலை ஒன்று மேற்கூரையிலிருந்து இறங்கியது. அது அவனைக் கொன்றுவிட்டால் உருவம் விழும், விளக்கு போகும், பயணம் அத்தோடு முடிந்து லைனும் அறுந்துவிடும். கைப்பேசியைப் போட்டுவிட்டுச் சுட்டார். குறி தப்பி, இரண்டாம் முறைதான் பட்டது.

அந்தச் சத்தம் அடங்கிய இடைவெளியில் அவன் பக்கமிருந்து இன்னொன்று கேட்டது. சட்டியின் விளிம்பில் கரண்டி தட்டும் சத்தம். கூடவே எண்ணெய் சலசலப்பு. அறை விசிறி என்று அவர் நினைத்தது, சமையலறைப் புகையை வெளியே தள்ளும் காற்றாடி.

"வீட்டுல யாராச்சும் இருக்காங்களா தம்பி?"

விளக்கு உடனே அணைந்து எரிந்தது.

ஆள் இருக்கிறார். அடுத்த அறையில் இருக்கிறார்.

"கூப்பிடு தம்பி. வாயில வர்ற சத்தத்தப் போடு."

அவன் போட்டான். அது மனிதக் குரல் போலவே இல்லை. எண்ணெய்ச் சத்தத்துக்கு அப்பாலிருந்து ஒரு பெண் பதில் சொன்னார். "கத்தாதீங்க லா. முறுக்கு வெந்துக்கிட்டு இருக்கு. நீங்க கத்துனா எனக்குக் கை ஆடுது."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். தினமும் சொல்வதைச் சொன்னார், அவ்வளவுதான்.

சாரதாதேவி தன்னை மறந்து கத்தினார். "அம்மா, இங்க வாங்க. அவருக்கு ஸ்ட்ரோக்கு." கத்திய பிறகுதான் உறைத்தது. அந்தக் கத்தல் முழுவதும் அவனுடைய இரண்டு காதுகளுக்குள் மட்டும் போய் விழுந்திருக்கிறது. ஹெட்செட்டைத் தாண்டி ஒரு சொல் வெளியே போகவில்லை.

"மேசையில இருக்குறதத் தள்ளி விடு தம்பி. எதையாச்சும்."

கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது.

"ஒடைச்சாச்சா?" என்றது சமையலறை. "நீங்களே கூட்டுங்க. நான் வர மாட்டேன்."

சாரதாதேவி வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் வரவில்லை. அதற்கு மேலே எங்கோ போய்விட்டிருந்தது மனம். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி முறுக்கு சுடுகிறார், இந்தப் பக்கம் கணவன் சரிகிறான். இரண்டையும் கேட்க முடிந்தவர் குனோங் ராபாட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதுதான் வயர் நினைவுக்கு வந்தது.

"தம்பி, ஹெட்செட் வயரப் பிடுங்கு. எடது கையாலயே புடிச்சு இழு."

அதற்கு அவன் விளக்குப் பொத்தானிலிருந்து கையை எடுத்தாக வேண்டும். எடுத்த பின் அவனிடமிருந்து பதில் இல்லை. உருவம் மட்டும் நின்றது. மூச்சு கேட்டது, மேசையில் ஏதோ உரசுவது கேட்டது. பூசணிகள் இரண்டிரண்டாக வந்தன. தோட்டா தீர்ந்தது. துப்பாக்கியின் கட்டையால் அடித்தார். எவ்வளவு நேரம் அடித்தார் என்று அவருக்குப் பிறகு சொல்லத் தெரியவில்லை.

சட்டென்று அவன் பக்கத்துச் சத்தம் அகன்றது, மூடியிருந்த கதவு ஒன்று திறந்த மாதிரி. ஜந்துவின் உறுமல் ஓர் அறைக்குள் மோதி எதிரொலித்தது. வயர் கழன்றிருந்தது. இனி மடிக்கணினியே கேட்கும், பேசும்.

"அம்மா, அடுப்ப அணைச்சிட்டு இங்க வாங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஒடம்புக்கு முடியல" என்றார் சாரதாதேவி. தன் குரலே தனக்கு அங்கிருந்து திரும்பி வந்தது.

கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரது?" என்றார் அந்தப் பெண். செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. "யாருங்க அது, பொம்பள குரலு? யாருகூடப் பேசிக்கிட்டு..."

கேள்வி முடியவில்லை. கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"என்னங்க," என்றார் மிக மெதுவாக. "என்னங்க, வாய் ஏன் இப்படிப் போயிருக்கு?"

அதற்குப் பிறகு பேசியது சாரதாதேவி அல்ல, பழைய ஓப்பரேட்டர். கீழே சாய்த்து ஒரு பக்கமாகப் படுக்க வைக்கச் சொன்னார். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள் என்றார். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் இப்போதுதான் என்று சொல்லுங்கள் என்றார். யார் என்ன என்று கேட்காமல், அவர் சொன்னதையெல்லாம் அந்தப் பெண் செய்தார். போனில் ஆம்புலன்சுக்கு முகவரி சொல்வதும் கேட்டது. "பேரு யுகேந்திரன்" என்று சொன்னதும் கேட்டது.

யுகேந்திரன் என்று சாரதாதேவி ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கவனம் பிசகியது. பூசணித் தலை ஒன்று அந்த வெள்ளை உருவத்தின்மேல் பாய்ந்து தரையில் சாய்த்தது. திரை கறுத்தது. லைன் அறுந்தது. பெரிய சிவப்பு எழுத்தில், உங்கள் துணை இறந்துவிட்டார் என்று விளையாட்டு அறிவித்தது. கீழே, மீண்டும் ஆடுகிறீர்களா என்று கேட்டது.

அவர் ஹெட்செட்டைக் கழற்றாமல் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் எப்படி அப்படியே இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து இப்படிப்பட்ட நோயாளியை ஈப்போவுக்குத்தான் அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை தானே காரை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில், சேலை முந்தானையில் மாவு காய்ந்திருந்த ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாரதாதேவி வாயைத் திறந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். குரல்தான் காட்டிக்கொடுத்தது.

"நீங்கதானா அது?" என்றார். அவர் பெயர் கலாதேவி.

"நான்தான். எப்படி இருக்காரு?"

"உயிருக்கு ஒன்னும் இல்லன்னாங்க. நேரத்தோட வந்தோமாம்."

உள்ளே போய்ப் பார்த்தபோது இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. வாலிபன் ஒருவனை இத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தார். கட்டிலில் கிடந்தது, நரைத்த, ஒடிசலான, ஐம்பதை ஒட்டிய ஒரு மனிதர். தம்பி என்று அழைக்க வாய் கொஞ்சம் தயங்கியது. அழைத்தார். யுகேந்திரனின் கண்கள் திரும்பின. போர்வைக்கு வெளியே கிடந்த இடது கை விரல், எதையோ அழுத்துவது போல ஒருமுறை தாழ்ந்து உயர்ந்தது. சாரதாதேவிக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நடைபாதையில் கலாதேவி கேட்டார். "தெனமும் உங்ககிட்ட என்னக்கா பேசுவாரு? எங்கிட்ட பத்து வார்த்த சேர்ந்தாப்ல பேசி வருசமாச்சு."

"விளையாட்டுப் பேச்சுத்தான். எந்தப் பக்கம் போறது, எங்க ஒளியிறது. உங்களப் பத்தி எனக்குத் தெரியவே தெரியாதும்மா. கல்யாணம் ஆனவர்னுகூட நெனக்கல."

கலாதேவி தலையசைத்தார். பிறகு சொன்னார். "ஒன்னு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. நேத்து நான் ரூமுக்கு ஓடி வந்தது அவர் ஒடம்பப் பாக்க இல்ல. சண்ட புடிக்கத்தான் வந்தேன். யாரோ பொம்பளயோட பேசிக்கிட்டு இருக்காருன்னு. கரண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன்." மூச்சை இழுத்துவிட்டார். "அது ஆம்பள குரலா இருந்திருந்தா, வெளையாட்டுல யாரோ கத்துறான்னு முறுக்கதான் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

சாரதாதேவி அவர் கையைப் பிடித்தார். அது சில்லென்று இருந்தது.

தீபாவளி கழிந்து யுகேந்திரன் வீடு திரும்பினார். கால் பழகிக்கொண்டுவிட்டது, ஊன்றி நடக்கிறார். வலது கை அப்படியேதான் இருக்கிறது. சொற்கள் ஒன்றிரண்டு வருகின்றன, பெரும்பாலும் வேண்டிய சொல் அல்ல. தண்ணீர் கேட்க நினைத்தால் சாவி என்கிறார். லோரி வேலை இனி இல்லை. கலாதேவி முறுக்கு, அதிரசம் என்று ஆர்டர் எடுத்து வீட்டை ஓட்டுகிறார்.

சாரதாதேவி மாதத்தில் ஒரு ஞாயிறு சுங்கை சிப்புட்டுக்குப் போய்வருகிறார். விளையாட்டை அவர் மறுபடி திறக்கவில்லை. திறந்து பார்த்தால் என்ன என்று சுபாஷினி ஒருமுறை போனில் கேட்டாள். "ஏலாது பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

முதல் தடவை போனபோது, அந்தச் சின்ன வீட்டில் ஏதோ குறைகிறதே என்று அவருக்குப் பட்டது. பிறகுதான் கவனித்தார்: படுக்கையறைக்குக் கதவு இல்லை. கலாதேவி ஆள் வைத்துக் கழற்றி, பின்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டிருந்தார். சத்தம் போடும் சமையலறைக் காற்றாடியும் ஓடவில்லை. புகை வீடு முழுக்கச் சுற்றியது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடி, பேச்சு நடுவிலும், கலாதேவி நிமிடத்துக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யுகேந்திரன் கதவில்லாத அந்த வாசலுக்கு நேரே, நாற்காலியில், கண் விழித்துத்தான் உட்கார்ந்திருந்தார்.