நான்காவது சிலிண்டருக்குப் பின்னால் போன ஒயர்

சின்ன விமானங்களுக்கான இன்ஜினை வடிவமைப்பது என் வேலை. இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கென்று நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைப் பல வருடங்கள் வரைந்து, திருத்தி, கடைசியில் செய்தும் முடித்திருந்தேன். ஓட்டிப் பார்ப்பதற்கு நீடாமங்கலத்துக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். அதைச் சுற்றியிருக்கும் வயல்களில்தான் என் அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டார்கள்.

என்னோடு வேலை பார்த்தவர் கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் விமான மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் அவரை அண்ணே என்பேன். எனக்குக் கணக்கு தெரியும், அவருக்குக் கைவேலை தெரியும். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

எடை குறைய வேண்டும் என்பதால் இந்த இன்ஜினில் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நெருக்கமாக இருக்கும் உலோகச் செதில்களுக்குள் காற்று புகுந்து சூட்டை எடுத்துப் போக வேண்டும். விட்டால் காற்று சுலபமான வழியாக வெளியே ஓடிவிடும். அதனால் அலுமினியத் தகடு வைத்து மறித்துத் திருப்ப வேண்டும். முன்னால் இருக்கும் சிலிண்டர்கள் குளிர்ந்துவிடும். பின்னால் இருக்கும் நான்காவதுக்குச் சூடான மிச்சக் காற்றுதான். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயலைச் சொல்வதுபோல, அண்ணன் அதைக் கடைமடை என்பார்.

அந்த வாரம் நான்காவது சிலிண்டருக்குப் புதுத் தகடு ஒன்று செய்தேன். அது உட்கார இடம் போதவில்லை. மேக்னெட்டோவிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயர் குறுக்கே ஓடியது. அதைக் கழற்றிச் சிலிண்டருக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். ஐந்து நிமிட வேலை. இன்ஜின் வரைபடத்தில் அதைத் திருத்தவில்லை. அண்ணன் அன்று வரவில்லை, மறுநாளும் சொல்ல நினைவில்லை.

இன்ஜின் சுழன்றாலே போதும், மேக்னெட்டோ பேட்டரி இல்லாமல் தீப்பொறி தரும். சுவிட்சை அணைத்தால் அந்த ஒயர்தான் பொறியை நிறுத்துகிறது. ஒயர் அறுந்துவிட்டால் சுவிட்ச் எப்படி இருந்தாலும் பொறி வரும். பறக்கும்போது ஒரு ஒயர் அறுந்ததற்காக இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கீழே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றுகிறவர்களுக்கு அது ஆபத்து என்று எனக்கும் தெரியும். ஓட்டுவதற்கு முன்னால் சுவிட்சைச் சோதித்தோம், சரியாக இருந்தது. முக்கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, வழக்கம்போல எரிபொருளை அடைத்து நிறுத்தினோம். அதன் பிறகு சோதிக்கவில்லை.

சித்திரை வெயில். காலை பதினொரு மணி இருக்கும். சூடாக இருக்கும்போதே சிலிண்டர்களில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அண்ணன் புரொப்பெல்லரில் கை வைத்தார்.

"சுவிட்ச் ஆஃபாம்மா?"

"ஆஃப்தான்ணே."

இழுத்தார். உள்ளே மிஞ்சியிருந்த எரிபொருள் பற்றி, இன்ஜின் ஒரே ஒரு முறை வெடித்தது. புரொப்பெல்லர் அரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது, அதற்குள் அண்ணன் கையில் அடித்துவிட்டது.

பக்கத்து வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். என் துப்பட்டாவால் அவர் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். காரில் ஏற்றிக் கிளம்பினால் ரயில்வே கேட் போட்டிருந்தது. அண்ணன் கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருந்தார். தஞ்சாவூரில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கொட்டகைக்குத் தனியாகப் போய்த் தகட்டைக் கழற்றினேன். ஒயரின் மேல்தோல் வெந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

அவர் வீடு திரும்பியதும் கூத்தாநல்லூருக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி போட்டார்.

"சுவிட்ச் ஆஃப்லதான இருந்துச்சு, அப்புறம் எப்புடி?" என்று கேட்டார்.

அண்ணன் முந்திக்கொண்டார். "உள்ள படிஞ்ச கரி கனலா இருந்துருக்கும். சூடான இன்ஜின்ல அப்புடி நடக்கும்."

"இல்லண்ணே," என்றேன். "ஒயருதான். நான்தான் பின்னால மாத்திக் கட்டுனேன். சூட்டுல வெந்து அறுந்துருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லலண்ணே."

அவர் மனைவி நின்ற இடத்திலேயே நின்றார். "அவங்க உங்கள்ட்ட கேட்டுட்டுதானம்மா கை வச்சாங்க," என்றார்.

அண்ணன், "வெயிலுக்கு முன்னாடி கெளம்பும்மா," என்றார். கிளம்பினேன்.

இன்ஜினைப் பெட்டியில் அடைத்துவிட்டு, கொட்டகையைக் காலி செய்தேன். படத்தில் ஒயரின் வழியை மாற்றி வரைந்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து இன்னும் எதையும் செய்யவில்லை.

வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போன் செய்கிறேன். மனைவிதான் எடுப்பார்.

"தூங்குறாங்கம்மா."

பின்னால் டி.வி. ஓடும். சேனலை மாற்றச் சொல்லும் அவர் குரலும் கேட்கும். "சரிங்கக்கா, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிடுவேன்.