அப்பா படத்துக்கு நான் போட்ட மாலை

பூ யோசனை என்னுடையதுதான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை. மாமல்லபுரத்தில் ஒரு சின்ன கேலரியில் ஆறு பேர் சேர்ந்து பங்குனியில் வசந்தக் கண்காட்சி வைத்தோம். சுவர் முழுக்க மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை. "இவ்ளோ கலர் கீது, பூ வேற எதுக்கு?" என்றார்கள் மற்ற ஐந்து பேரும். வசந்தத்துக்குப் பூ இல்லாமலா என்று நான் ஒரே பிடியாக நின்றேன். செங்கல்பட்டில் சாமந்திச் சரம் வாங்கி வந்து, திறப்பு விழா அன்று காலை ஆறு படங்களுக்கும் நானே மாட்டினேன்.

என் படம் அப்பாவின் முகம். அவர் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். நெற்றியில் ஆரஞ்சு, கன்னத்தில் ஊதா என்று அவர் மேல் விழுந்த வெயிலையெல்லாம் வாரிப் பூசியிருந்தேன். நான் வரைவதைப் பற்றி அப்பா இத்தனை வருஷத்தில் சொன்ன ஒரே விமர்சனம், "செவுரு அழுக்காவுது." முந்தைய நாள் வீட்டுக்குப் போய், திறப்பு விழாவுக்கு வரச் சொன்னேன்.

"கடலுக்குப் போவணும். பொம்மயப் பாத்துகினு நிக்க எனக்கு நேரம் கீதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வராட்டி போ! உன்ன வெத்தல பாக்கு வெச்சா அழைக்கணும்?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திறப்பு. அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, பத்து மணிக்கே வந்து எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, செய்யூர்ப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். எடுத்ததுமே ஓலம்.

"அண்ணாத்த போய்ட்டாரே! எங்கள வுட்டுட்டுப் போய்ட்டாரே!"

அதற்கு மேல் அழுகைதான். இணைப்பு அறுந்துவிட்டது.

அப்பா போனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். அத்தை இருக்கும் குப்பத்திலும் படகுகள் உண்டு. யாரோ கடலில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒருவரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் குப்பத்துக்குப் பறந்தேன். வழியெல்லாம் அந்த "வராட்டி போ"தான் காதில் கேட்டது. கடவுளே, வாயில் வேறு வார்த்தையே வரவில்லையா எனக்கு?

கரையில் படகு நிழலில் உட்கார்ந்து அப்பா வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவர் தோளில் நாலு போடு போட்டேன். "போன ஆன் பண்ணித் தொலைய மாட்டியா?" என்று கத்தியபடியே கட்டிக்கொண்டு அழுதேன். இத்தனை நிம்மதியாக நான் யாரையும் அடித்ததில்லை.

"இன்னா ஆச்சி? போன்ல சார்ஜி இல்ல. அதுக்கு ஏன் இப்டி அடிக்கிற?"

பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. மதுராந்தகத்துப் பெரியப்பா, அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டேன். "குரூப்ல மாலை போட்ட படம் பாத்தேம்மா. நெஞ்சே ஆறல. எப்போ எடுக்குறீங்க?"

"எத எடுக்குறது?" என்றார் அப்பா.

பெரியப்பா டக்கென்று போனை வைத்துவிட்டார்.

அண்ணி ஒரு வார்த்தைகூட எழுதாமல் படத்தை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடக்கூடாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"எந்தப் படம் அது? வா, பாக்கலாம்" என்று அப்பா ஈர லுங்கியோடே வண்டியில் ஏறிக்கொண்டார். கேலரியில் முதல் வேலையாக மாலையைக் கழற்றினேன். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆள் இருந்தாரே, அது போதும்.

மதியம் அத்தை வந்து சேர்ந்தாள். வண்டியில் வரும்போது நான் எத்தனை தரம் அடித்தும் போனே எடுக்கவில்லை. கையில் பாலிதீன் பையில் ரோஜா மாலை. அழுதுகொண்டே உள்ளே நுழைந்தவள், டீ குடித்துக்கொண்டு நிற்கிற அண்ணனைப் பார்த்தாள்.

"அட பாவி மனுசா!" என்று அந்த மாலையாலேயே அவரை விளாசினாள். பூவெல்லாம் தரையில் உதிர்ந்தது. அடித்து முடித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

அப்பா என் போனை வாங்கினார். பேச எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று கேட்டு, குரூப்பில் சத்தமாகப் பேசினார்.

"நான் சாவல. உசுரோடதான் கீறேன். பொறப்பட்டவங்க யாரும் பாதியில திரும்பாதீங்க. எம் பொண்ணு என்ன வரைஞ்சி வெச்சிருக்குது. வந்து பாத்துட்டுப் போங்க."

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன்.