எந்த மாமனா அடிக்கிறீங்க?

மலையாண்டி அண்ணன் ரிட்டயர்டு ஆன அன்றைக்கே ஒருத்தனை அடித்தார். கழுத்தில் ரோஜா மாலை, தோளில் பொன்னாடை, கையில் டிப்போக்காரர்கள் கொடுத்த சுவர்க் கடிகாரம். நாகமலை புதுக்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குகிறார். எதிர் வீட்டுப் பையன் பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான்.

"எடுப்பா."

"இனி நீங்க பஸ்ஸா ஓட்டப் போறீங்க பெருசு? எதுக்கு இம்புட்டு வழி?"

பளாரென்று ஒன்று விழுந்தது. மாலை அறுந்து ரோஜா இதழ்கள் அவன் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டன. கடிகாரம் கீழே விழுந்து நொறுங்கியது. வாழ்த்த வந்த நாங்கள் அவனைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

அண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். பெரியப்பா உழவு மாட்டின் கொம்பைக் கையாலேயே முறித்தவர். அவருக்கு அப்பா, எங்கள் தாத்தா, கண்மாய்த் தண்ணீர்ச் சண்டையில் சொந்த மாமனார் தலையில் மண்வெட்டியை இறக்கியவர். இதையெல்லாம் எங்கள் வகையறாவில் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். "மலையாண்டிக்கு வாய்க்கு முன்ன கை நீளும்" என்பதையும் அப்படித்தான் ஒரு சிரிப்போடு சொல்வார்கள்.

ஜலால் பாயை அவருடைய கூட்டாளியாக்கியதும் அந்தக் கைதான். பாய் காஜிமார் தெருவில் குடைக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் படியில் தொங்கிக்கொண்டு வந்தார் என்று பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து அறைந்திருக்கிறார் அண்ணன். பாய் குடையால் திருப்பிச் சாத்தியிருக்கிறார். அண்ணனைத் திருப்பி அடித்த முதல் ஆள் அவர்தான் போலிருக்கிறது. அன்றிலிருந்து இருவரும் மாப்ள, மாப்ள என்று ஒரே கும்மாளம்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் மூன்று பேரும் கீழக்குயில்குடிக்குப் போவோம். சமணர் மலைக்கு அருகே பாய்க்குத் தெரிந்தவர் தோப்பு ஒன்று இருக்கிறது. கிணறு உண்டு, நிழல் உண்டு. பாய் கறி ஆக்குவார், நான் விறகு பொறுக்குவேன், அண்ணன் சண்டை இழுப்பார். பாட்டிலை உடைத்துப் போட்டவன், தாமரைக் குளத்தில் சோப்புப் போட்டவன், மலையில் பேர் செதுக்கியவன் என்று எவனாவது ஒருத்தன் கிடைப்பான். போன தையில் ஒருத்தனுக்கு முன்பல் போனது.

"மாப்ள, நீ காத்து வாங்க வாரியா, கேஸ் வாங்க வாரியா?" என்று பாய் கேட்பார்.

"ரெண்டும் ஓசியாத்தான கெடைக்குது" என்பார் அண்ணன்.

அவருக்கு ஒரே மகள், பவதாரிணி. எங்களுக்குத் தாரிணி. அவளைத் தங்கை ஒச்சாயி மகனுக்கே கொடுத்தார். ஒச்சாயியை டி. கல்லுப்பட்டியில் கட்டிக்கொடுத்தது, புருஷன் சீக்கிரம் செத்துப்போனது, மகன் சூரியபிரகாஷ் மாமன் வீட்டில் தங்கிப் படித்தது எல்லாம் எங்கள் கண் முன்னால் நடந்தவை. அத்தை மகன், வளர்த்த பிள்ளை, பைபாஸ் ரோட்டில் கார் விற்கிற கம்பெனியில் வேலை. வேறு என்ன பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம்.

இந்த ஆடியில் தாரிணி ஒரு பையோடு வந்து இறங்கினாள். இடது கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஒரு பக்கம் படுக்க முடியவில்லை, விலாவில் மிதித்திருக்கிறான். போனை எடுக்க நேரமானதாம்.

"நான் திரும்பிப் போகமாட்டேன்" என்றாள் அவள்.

அண்ணன் அன்றைக்கே கல்லுப்பட்டிக்குக் கிளம்பினார், அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு. நானும் பாயும் கேட்டைச் சாத்திப் பிடித்துக்கொண்டோம். "வீட்டுல வச்சுப் பேசுனா தெருவே கூடும். ஞாயித்துக்கெழம தோப்புக்கு வரச்சொல்லு. நான் ஆக்குறேன், ஒக்காந்து சாப்பிட்டுப் பேசுவோம்" என்று பாய் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொண்டார். தாரிணியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒச்சாயியும் சூரியாவும் காரில் வந்தார்கள். அவன் வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். "என்ன சின்ன மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டான். தாரிணியை அவன் பார்க்கவே இல்லை. அவள் அம்மா பேச்சியம்மா மதினியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மதினி அதிகம் பேசாதவர். இலை போட்டோம். பாய் அடுப்பை விட்டு அசையவில்லை. ஈரலை மட்டும் தனியாக மிளகு போட்டு வறுத்து வைத்திருந்தார்.

எங்கள் வகையறாவில் கறி ஆக்கினால் ஈரல் முதலில் மாப்பிள்ளை இலைக்குத்தான் போகும். வீட்டுப் பெரியவரே கொண்டுவந்து வைக்க வேண்டும். அது மாற்றி விழுந்தால் மாப்பிள்ளை எழுந்து போய்விடலாம், யாரும் கேட்க முடியாது. எங்கள் சின்னத்தாத்தா வீட்டில் இதனாலேயே ஒரு சம்பந்தம் முறிந்திருக்கிறது.

அண்ணன் இரும்புக் கரண்டி நிறைய ஈரலை அள்ளிக்கொண்டு வந்தார். சூரியா இலைக்கு எதிரே குனிந்தார். குனிந்தவர் பக்கத்து இலையில் இருந்த மகளின் கண்ணைப் பார்த்தார். அப்படியே நகர்ந்து, அம்புட்டையும் அவள் இலையில் கவிழ்த்தார்.

"சாப்பிடுத்தா."

ஒச்சாயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என்னண்ணே இது, ஆள் மாறிப்போச்சா?"

"மாறல. பாத்துத்தான் வச்சேன்."

சூரியா சிரித்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். "தாரிணி, அத எடுத்து என் இலையில வையி."

அவள் அசையவில்லை.

"ஒன்னத்தான். வையின்னேன்ல?"

தாரிணி ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். அவனைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அவன் இடது கையால் ஓங்கி விட்டான் பாருங்கள், ஈரல் வாயிலிருந்து தெறித்து என் இலையில் வந்து விழுந்தது. ரத்தமும் கூட வந்தது.

அண்ணன் கையில் இருந்த கரண்டி அவன் புருவத்தில் இறங்கியது. வெள்ளைச் சட்டை சிவந்துபோனது. எழப் போனவனைக் காலால் உதைத்தார். அவன் அடுப்புக் கல்லில் போய் விழ, குழம்புச் சட்டி சாய்ந்து ஜலால் பாயின் பாதத்தில் ஊற்றியது. "யா அல்லா!" என்று பாய் ஒற்றைக் காலில் குதிக்கிறார். பிடிக்கப் போன எனக்கு அண்ணனின் முழங்கை வாயில் இறங்கி ஒரு பல் ஆடிவிட்டது. ஒச்சாயி ஓடிவந்து கூடப்பிறந்தவர் முன்கையைக் கடித்துத் தொங்கினாள். அப்படியும் அவர் விடவில்லை. முதுகில், தோளில், முட்டியில் என்று கரண்டி காம்பு வளையும் வரை அடித்தார்.

சூரியா கிணற்றுத் திண்டைப் பிடித்து எழுந்து நின்றான். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது.

"அடிங்க மாமா, நல்லா அடிங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு அடிங்க. எந்த மாமனா அடிக்கிறீங்க? தாய்மாமனாவா, மாமனாராவா?"

அந்த இடத்தில் அது வெறும் பேச்சு இல்லை. தாய்மாமன் அக்கா தங்கை பிள்ளையைத் தோலை உரித்தாலும் எங்கள் பக்கம் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மாமனார் அப்படியல்ல. மணவறையில் காலைக் கழுவி வரவேற்ற மருமகன் மேல் விரல் பட்டால், பெண்ணைப் பெற்ற வீடு சபையில் தலை குனிய வேண்டும். ஒரே ஆள், ஒரே மாமன் என்ற சொல். எந்தக் கணக்கில் அடித்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"தாய்மாமன்டா! ஒன் ஆத்தாகூடப் பொறந்தவன்டா!" என்று இன்னொன்று வைத்தார்.

"அப்பச் சரி. தாய்மாமன்ட்டதான எல்லாம் கத்துக்கணும்? ஆறாப்பு படிக்கையில நான் ஒங்க வீட்டுலதான இருந்தேன். சோறு கொழஞ்சு போச்சுன்னு அத்தைய அடிச்சீங்களே, காதுலருந்து ரத்தமா ஓடுச்சே, அன்னைக்கு நான் அடுப்படியிலதான் நின்னேன்."

பேச்சியம்மா மதினிக்கு ஒரு காது கேட்காது. விஷக் காய்ச்சலில் போனது என்றுதான் சொந்தம் முழுக்கத் தெரியும். ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ப் பார்த்து ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டு வந்தபோதும் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். நான் மதினியைப் பார்த்தேன். அவர் மகளின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அண்ணன் கரண்டியைக் கீழே போட்டார். பாய் நொண்டிக்கொண்டே வந்து சூரியாவின் புருவத்தைத் தன் கர்ச்சீப்பால் கட்டினார். ஒச்சாயி ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்து அழுதாள். மலைப் பக்கமிருந்து யாரோ நாலு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "ஆச்சு. வாங்க வேண்டியத வாங்கிட்டான். இனி ஒன்னத் தொடமாட்டான். தாரிணி, கார்ல ஏறு."

எனக்குமே அது சரியாகத்தான் பட்டது. எங்களில் அடித்தால் அதோடு வழக்கு தீர்ந்தது. அடித்தவரும் அடிபட்டவரும் மறுநாள் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

தாரிணி எழுந்து நின்றாள். "இன்னைக்கு நீங்க அடிச்ச அம்புட்டையும் இவரு யார்ட்டப்பா திருப்பிக் குடுப்பாரு?"

"நான் இருக்கேன்ல?"

"கல்லுப்பட்டியிலயா இருக்கீங்க? கதவச் சாத்திட்டா எனக்கு யாரு இருக்கா?"

சூரியா காரில் ஏறி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அண்ணன் மகளின் கையைப் பற்றி இழுத்தார். அவள் கொய்யா மரத்தைக் கட்டிக்கொண்டாள். இழுத்த இழுப்பில் வளையல் உடைந்து முழங்கையில் கீறிக்கொண்டு போனது. "வரமாட்டேன், கொன்னு போடுங்க, வரமாட்டேன்" என்று கத்தினாள். அண்ணன் கையை ஓங்கினார்.

விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கீழே கிடந்த கரண்டியை எடுத்து, ஓங்கிய கை மணிக்கட்டில் பேச்சியம்மா மதினி அடித்திருந்தார்.

அண்ணன் நம்பாமல் பார்த்தார். கை ஒரு தினுசாகத் தொங்கியது. மற்ற கை தானாக மேலே எழுந்தது. தோளில் இரண்டாவது அடி விழுந்தது.

"நீட்டு. இன்னும் நீட்டு" என்றார் மதினி. குரல் உயரவில்லை. "எம்மேல விழுந்தது எங்கிட்டயே இருந்துட்டுப் போகுது. எம்மகளுக்குத் தராத."

அண்ணன் சிந்திய குழம்புக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒச்சாயி குனிந்து மண்ணை வாரி எங்கள் பக்கம் தூற்றினாள். "அண்ணன்னு இனி எனக்கு ஒருத்தன் இல்ல. இந்தக் குடும்பம் வெளங்காது!" என்று காரில் ஏறினாள். கார் போய்விட்டது. தாரிணி மரத்தை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது டாக்டர் எப்படி என்று கேட்டார்.

"பாறையில வழுக்கிட்டேன் சார்."

"நான்தான் அடிச்சேன்" என்றார் பக்கத்தில் நின்ற மதினி. டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாவைக் குழைத்தார்.

மறுநாள் தாரிணி மகளிர் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். கூடப் போனது மதினி. பிறகு யுனிவர்சிட்டிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சூரியா ஒரு சாயங்காலம் வந்தான், கூட இரண்டு கூட்டாளிகள். நானும் பாயும் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். கேட்டுக்கு வெளியே நின்று, "கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். ஒழுங்கா வந்துரு" என்று சத்தம் போட்டான். அண்ணன் மாவுக்கட்டுக் கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

தாரிணி குறுக்கே நின்றாள். "நீங்க உள்ள போங்கப்பா. இது நான் பேச வேண்டியது."

"அவென் எம்வீட்டு வாசல்ல வந்து..."

"உள்ள போங்க."

பாய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போனார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். தாரிணி கேட்டைத் திறக்கவில்லை. "நான் வரல. பேசுறதா இருந்தா ஸ்டேஷனுக்கு வாங்க" என்றாள். அவன் கேட்டை எட்டி உதைத்தான். தாழ்ப்பாள் பிய்ந்து தெறித்தது, கேட் அவள் முட்டியில் வந்து இடித்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். அவள் அவனுக்கு எதிரிலேயே போனைக் காதில் வைத்து ஸ்டேஷனுக்குத் தெருப் பேரும் வண்டி நம்பரும் சொன்னாள். மதினி பக்கத்தில் சும்மா நின்றார். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. "வாடா மாப்ள, பொல்லாப்பாப் போகும்" என்று கூட்டாளிகளே அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இங்கே உள்ளே அண்ணன் நல்ல கையால் சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

தாரிணி நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே கீழே சிந்திக் குடித்தாள்.

"சித்தப்பா, கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கணும். கட மூடுறதுக்குள்ள போவமா?"

"வாரேன் தாயி" என்று நான் செருப்பைத் தேடினேன்.

அண்ணன் தலையை நிமிர்த்தாமல், "நானும் வரட்டா?" என்று கேட்டார்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "வாங்க. வழியில யார்ட்டயும் பேசக் கூடாது."

அவர் எங்களுக்குப் பின்னாலேயே பேசாமல் நடந்து வந்தார்.