ஒரே அளவு வயர்

முன்னால் நிற்பவரின் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் அழகையாவின் கை சும்மா இராது. திகன போகும் பஸ்ஸில், முன்பின் தெரியாதவர் கழுத்தில் கைவைத்து நீவிவிடுவார். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினால், "கோவிச்சுக்காதீங்க, கண்ண உறுத்துது" என்பார். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் மானம் போகும்.

மஹய்யாவ ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். பல்லேகலயில் இருவருக்கும் ஒரே ஆடைத் தொழிற்சாலை. நான் பெட்டி கட்டும் பகுதி, அவர் மின்சார வேலை. அவர் பூட்டிய சுவிட்ச் பலகையில் வயர்கள் வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி இருக்கும். பேருக்கேற்ற வேலை என்று கேலி செய்வோம். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமைதான் கவிழ்த்துவிட்டது. எங்கள் வெளிவாசலில் ஒரு பலகை, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன அன்டெனாக்கள். சிப் கோத்த துணியை யாராவது எடுத்துக்கொண்டு வாசலைக் கடந்தால் மணியடிக்கும். அதற்கு எல்லா அன்டெனாவின் அலையும் வாசலின் நடுவில், ஓரிடத்தில், ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். "நடுவுல உள்ளது கிட்ட, ஓரத்துல உள்ளது தூரம். எல்லாம் ஒன்னா போய்ச் சேரணும்னா கிட்ட உள்ளது கொஞ்சம் சுத்தி லேட்டா வரணும், அதுக்கு வயர் கூட வேணுங்க" என்று எனக்கு விளக்கியவரே அழகையாதான். பலகையைப் பொருத்திய நாளில் நூல் பிடித்து அளந்ததும் அவர்தான்.

சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால் தொழிற்சாலையே தலைகீழாகும். பூச்சட்டிகள் முளைக்கும், கக்கூஸ் மணக்கும். நடு அன்டெனாக்களுக்குப் பின்னால் சுருண்டு தொங்கிய வயர் அன்று அவர் கண்ணை உறுத்திவிட்டது. நறுக்கி, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மேனேஜர்கூட தோளில் தட்டினார்.

அன்று மாலை அலை வாசலில் குவியாமல் அதைத் தாண்டிப் போய்விட்டது. அப்பால் தள்ளுவண்டியில் போன சட்டைகளுக்கு மணியடித்தது. அந்த நேரம் வாசலில் இருந்தவர் அயர்ன் பகுதி பாலம்மா. வரிசை முழுதும் பார்க்க, காவல்காரப் பெண் அவர் பையைக் கொட்டினாள், சேலையைத் தடவினாள், சோற்றுப்பெட்டியைக்கூடத் திறந்தாள். ஒன்றும் இல்லை. ஆனாலும் "களவாணி" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

மணியடித்த கணமே அழகையாவுக்கு விளங்கிவிட்டது. என் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வந்து வயரை நீளமாக்கினார். மேனேஜரிடம் "சின்னப் பிழை" என்றார். அவர் தலையாட்டியதோடு சரி. பாலம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட இப்போது ஆளில்லை.

"எப்புடிங்க சொல்றது? அக்காவ நிமிந்து பாக்க முடியல. வெக்கமா இருக்குங்க" என்று பஸ்ஸில் என்னிடம் புலம்பினார். எனக்கு எரிச்சல் வந்தது. அத்தனை பேர் முன்னால் போன பேரை அத்தனை பேர் முன்னால்தான் திருப்பிக் கொடுக்கணும், என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம் என்றேன். அதன்பிறகு அன்று அவர் யாருடைய காலரையும் தொடவில்லை.

நேற்று மாலை, வாசல் வரிசையில் பாலம்மாவுக்குப் பின்னால் போய் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா..." என்று தொடங்கினார்.

பாலம்மா திரும்பினார். மணி அடிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து, அழகையாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க தம்பி. ஒன்னும் இல்ல."