பிளக்கைப் பிடுங்கியவரும் நானும்

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை இருவருமே மறைப்பதில்லை.

நான் கொடைக்கானலில் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஏரிக்கு இறங்கும் சாலையில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் என் கிளினிக். அதே தளத்தின் மறுபாதியை ஒரு பிசியோதெரபிஸ்ட் வாடகைக்கு எடுத்திருக்கிறார், திண்டுக்கல்காரர். நடுவில் ஒரே கூடம். என்னிடம் வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டும் அவரிடம் வருகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். "தாராளமா வைங்க டாக்டர், எனக்கும் மீன்னா பிடிக்கும்" என்றார். அவர் நினைத்த தொட்டி வேறு, நான் நினைத்தது வேறு.

எனக்கு வேண்டியிருந்தது செடிகள் வளரும் தொட்டி. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டிதான். அடியில் சத்துள்ள மண், அதன்மேல் நைசான மணல். பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரித்தேன். கற்கள் நானே பொறுக்கியவை. சுண்ணாம்பு உள்ள கல் தண்ணீரைக் கெடுக்கும் என்பதால், பல்லில் சிமெண்ட் பிடிக்கத் தடவும் அமில ஜெல்லை ஒவ்வொரு கல்லிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நுரைத்ததைத் தூக்கிப் போட்டேன். பெரிய கல்லை நடுவில் வைக்காமல் இடப்பக்கம் தள்ளி வைத்து, அதன்மேல் ஒரு வேர்க்கட்டையைச் சாய்த்தேன். கட்டையில் ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடியை நூலால் கட்டினேன். பின்னால் நாடா மாதிரி நீளும் வாலிஸ்னேரியா. மேலே கொஞ்சம் மிதக்கும் செடி. வலப்பக்கம் வெறும் மணல். அந்த வெறுமைக்காகத்தான் மற்ற எல்லாமே. இடுக்கியும் வாய் பார்க்கும் கண்ணாடியும் என்னிடம் இருந்தன. இலைகளின் பின்புறத்தைக் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோலவே பார்த்தேன்.

"பாதித் தொட்டி காலியா கெடக்கே டாக்டர்" என்றார் அவர்.

"அது அப்படித்தாங்க இருக்கணும்."

மறுநாள் காலை அந்தக் காலி இடத்தில் ஊதா நிறக் கற்களும் ஒரு பிளாஸ்டிக் கோட்டையும் இருந்தன. எடுத்துக் கழுவித் துடைத்து அவர் மேசைமேல் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கோட்டை திரும்பி வந்தது, கூடவே வாயைத் திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் முதலை. அதையும் மேசைமேல் வைத்தேன். நாலாவது முறை கோட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

செடிகள் வேர் பிடிக்க ஒரு மாதத்துக்குமேல் காத்திருந்தேன். பிறகு மதுரையிலிருந்து பன்னிரண்டு நியான் டெட்ரா வாங்கினேன். நீலக்கோடும் சிவப்புக்கோடும் போட்ட, விரல்கணு அளவு மீன்கள். பையை ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன். அவை வெதுவெதுப்பான நீரில் வாழ்பவை. கொடைக்கானல் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் தாங்காது. கூடத்துச் சுவர் போர்டில் ஹீட்டரைச் செருகி, "கழற்ற வேண்டாம்" என்று ஒட்டியும் வைத்தேன்.

மார்கழியில் மீன்களின் உடம்பில் உப்புத்தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. தண்ணீர் திடீரென்று குளிர்ந்து சூடானால் வரும் நோய் அது. நான் பார்க்கும்போதெல்லாம் ஹீட்டரின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் தண்ணீரையும் மண்ணையும் புது மீன்களையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டேன். தினமும் ஒன்றிரண்டு மீன் செத்தது.

ஒருநாள் நடுப்பகலில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது பார்த்தேன். அவர் அறையில் இடம் போதாமல் கூடத்து ஓரத்தில் திரை கட்டி ஒரு கட்டில் போட்டிருந்தார். அதில் பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியிலிருந்து வரும் ஒரு வயதான விவசாயி முட்டியில் சூட்டு ஒத்தடப் பையோடு படுத்திருந்தார். அந்தப் பையின் ஒயர் என் போர்டுக்குப் போனது. ஹீட்டர் பிளக் தரையில் கிடந்தது.

"பிளக்கைப் பிடுங்கினது யாரு?"

"நான்தாங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட், திரைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி. "அரை மணி நேரத்துல மாட்டிருவேன்."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. சில நாள் மறந்திருப்பேன், காலையில வந்து மாட்டியிருப்பேன். மனுஷன் முட்டி பெருசா, மீன் பெருசா? நீங்களே சொல்லுங்க டாக்டர்."

கட்டிலில் இருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். "என்னால சண்ட வேணாம் தாயி. எங்க ஊர்ப் பனியில உருளக்கெழங்குச் செடியே கருகிப் போகுது. மீனுக்குக் குளிராமலா இருக்கும்? அய்யா, அதக் கழட்டிருங்க. நான் வெரசா கெளம்பிர்றேன்."

"நீங்க படுங்க" என்றார் அவர், என்னைப் பார்த்தபடி.

மூன்று நாளில் கடைசி மீனும் போயிற்று.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்குப் பெருமையில்லை. அன்று அது நியாயமாகத்தான் தோன்றியது. என் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் அவரைப்பற்றிப் பேசத் தொடங்கினேன். வாய் திறந்திருப்பவர் பதில் சொல்ல முடியாது. "அவர்கிட்டயா போறீங்க? ஒத்தடம்தானே, வீட்டுலயே குடுத்துக்கலாம்" என்பேன். கவுஞ்சிக்காரரும் ஒரு சொத்தைப் பல்லோடு வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

தொட்டியைச் சில வாரம் மீனில்லாமல் விட்டேன். மீன் இல்லாவிட்டால் அந்தப் புள்ளி நோய்க் கிருமி தானாகவே அழிந்துவிடும். ஃபில்டரை மட்டும் மெல்ல ஓட விட்டு, வாடிய இலைகளை வெட்டி வந்தேன்.

அப்போதுதான் சுகாதார ஆய்வாளர் வந்தார். கொசு உற்பத்தி என்று புகாராம். என் தொட்டியில் கொசுவா என்று சிரித்தேன். அவர் டார்ச்சை அடித்து, மிதக்கும் செடிகளை ஒரு கரண்டியால் விலக்கி, கரண்டியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் நாலைந்து புழுக்கள் நெளிந்தன. மீன் இருந்திருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அதைச் சொன்னேன்.

"மீன் எங்கங்க?" என்றார் ஆய்வாளர்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி நடத்துகிறவர் கொசு வளர்க்கலாமா என்று ஒரு அம்மா சத்தமாகவே கேட்டார். பிசியோதெரபிஸ்ட் வாசலில் கைகட்டி நின்றார்.

ஆய்வாளர் போனதும் நேரே கேட்டேன். "புகார் குடுத்தது நீங்களா?"

"ஆமா, நான்தான். என் சோலியை நீங்க கெடுக்கலையா? என் பேஷன்ட்டுங்ககிட்ட என்னென்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அன்றே தொட்டியைக் கலைத்தேன். குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கி, வாளி வாளியாகப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினேன். வாலிஸ்னேரியா மண்ணுக்கடியில் இவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு செடியை இழுத்தால் தொடர்ந்து எட்டுச் செடி வந்தது. கூடம் முழுக்கச் சேற்று நாற்றம். அவர் ஜன்னல்களைத் திறந்தார், வேண்டுமென்றே படார் படாரென்று.

வீட்டுக்காரரிடம் இருவருமே தனித்தனியாகப் போய்ப் புகார் சொன்னோம். அவர் சலித்துப்போய்க் கூடத்தின் நடுவே பிளைவுட் தடுப்பு அடித்துவிட்டார்.

தடுப்பு வந்த பிறகு ஒருநாள் கவுஞ்சிக்காரர் பல்லுக்குக் கேப் போட வந்தார். முன்பைவிட மோசமாக நொண்டினார். ஒரு காலை மடக்காமலே நாற்காலியில் ஏறினார்.

"முட்டிக்குப் போகலையா?"

"நீங்கதான தாயி வீட்டுலயே பாத்துக்கலாம்னு சொன்னீங்க. வென்னி ஒத்தடம்தான் குடுக்கேன். வயல்ல எறங்க முடியல."

கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன். நான் பல் மருத்துவர். முட்டியைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை, ஒரு மனிதர்மேல் இருந்த கோபத்தில், இன்னொருவர் காலில் ஏற்றியிருந்தேன். மருந்துச் சீட்டை எடுத்து, இவர் வராமல் போனதற்குக் காரணம் நான், தயவுசெய்து தொடர்ந்து பாருங்கள் என்று எழுதி, பெரியவரிடம் கொடுத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அதே சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கம் எழுதியிருந்தார்: "பார்க்கிறேன். ரொம்பத் தாமதம்."

வேறொன்றுமில்லை. மன்னிப்பும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. பெரியவர் இப்போது வாரம் இருமுறை அங்கே போகிறார். கொஞ்சம் தேறியிருக்கிறது என்று அவரே சொன்னார்.

நான் மறுபடி தொட்டி வைத்திருக்கிறேன், இந்த முறை என் சிகிச்சை அறைக்குள்ளேயே. ஹீட்டர் கிடையாது. குளிரைத் தாங்கும் ஒயிட் கிளவுட் மீன்கள், குளிரிலும் மெதுவாக வளரும் பாசியும் ஃபெர்னும். வாரம் ஒருநாள் கால்பங்கு தண்ணீர் மாற்றி, கண்ணாடியில் படியும் பச்சையைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறேன். பின்கட்டுக் குழாய் மட்டும் இன்னும் இருவருக்கும் பொது. நான் வாளியோடு போகும்போது அவர் துண்டு அலசிக்கொண்டிருந்தால், குழாயை விட்டு நகராமல் கடைசித் துண்டுவரை அலசுவார். நானும் நகராமல் நிற்பேன்.